ஹுஸ்னா நிறுத்திப் பார்த்த வரிசை

ஹுஸ்னா என்கிற பேரை சைனம்பு முதன்முதலாகக் கேட்டது பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தபோது. தாடிக்கொம்பில் ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த ரூட் பஸ் காலேஜ் ஸ்டாப்பில் நிற்கிற வழக்கமே கிடையாது. பாஸ் வைத்திருக்கிற பிள்ளைகளை ஏற்றி என்ன பிரயோஜனம் என்று கண்டக்டர் விசிலை ஊதிவிடுவார். அன்றைக்கு அந்த இடத்தில் டிரைவர் அடித்த பிரேக்கில் சைனம்பு முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தால், நட்ட நடு ரோட்டில் ஒரு பெண்பிள்ளை. தலையில் துப்பட்டா, தோளில் பை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா?" என்றார் டிரைவர்.

"ஆமா, கிறுக்குதான். ஏறிக்கிறவா?"

ஓரத்தில் நின்ற சேக்காளிகள், "ஏய் ஹுஸ்னா, வாடி இங்கிட்டு, செத்துத் தொலையாத" என்று கத்தினார்கள். அவள் அசையவில்லை. கடைசிப் பிள்ளை ஏறுகிற வரைக்கும் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் ஏறினாள். சைனம்பு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "எந்த வீட்டுப் புள்ளையோ, இது போற வீடு பாவம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அந்த வீடு தன் வீடாக இருக்கும் என்று அவளுக்கு அப்போது யார் சொன்னார்கள்?

சைனம்புவின் மூத்த நாத்தனார் ஆமினாவைக் கட்டியவர் காதர் மைதீன். அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி சௌகத் அலி, பேகம்பூரில் தோல் வியாபாரம். பச்சைத் தோலை வாங்கி, பதம் போடுகிற இடத்துக்கு அனுப்புகிறவர். அவருக்கு இரண்டு பெண். மூத்தவளை ஆம்பூரில் கொடுத்திருந்தார். இளையவளைத்தான் சைனம்புவின் மகன் அல் அமீனுக்குக் கேட்கலாம் என்று ஆமினா பேச்செடுத்தாள். பேரைச் சொன்னதும் சைனம்பு கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸ மறிச்ச புள்ளையா?"

"பஸ்ஸையா? அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணி. கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது. நல்ல புள்ளை."

பெண் பார்க்கப் போன அன்று சௌகத் அலி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மக வேலையை மட்டும் விடச் சொல்லக் கூடாது." சைனம்பு தலையாட்டினாள். பிள்ளை குட்டி என்று ஆனால் வேலை அதுவாக உதிர்ந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதைச் சம்பந்தி வீட்டில் போய் எதற்குச் சொல்வானேன்?

கல்யாணம் நடந்தது. அல் அமீனுக்குப் பழனி ரோட்டில் லாரி உதிரி பாகக் கடை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். வீட்டில் மாமியாரும் மருமகளும். ஹுஸ்னாவின் ஆபீஸ் சென்னையில் இருந்தது, ஆனால் அவள் வீட்டு முன்னறையிலேயே மேசை போட்டு, லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்படி உட்கார்ந்து என்னதான் செய்கிறாள் என்று சைனம்புவுக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. தையல் என்றால் துணி தெரியும், சமையல் என்றால் வாசம் வரும். இது எதுவும் இல்லை. தட்டுகிறாள், பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், மறுபடியும் தட்டுகிறாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"தகவல் ஓடுற குழா மாமி," என்றாள் ஹுஸ்னா. "ஒரு எடத்துல எழுதுறது இன்னொரு எடத்துக்குப் போய்ச் சேரணும். நடுவுல அங்கங்க நின்னு, சரி பாத்து, திருத்தி, அடுத்த எடத்துக்குப் போகும். போற வழியில ஒவ்வொரு எடத்துலயும் வரிசை நிக்கும்."

"தண்ணி லாரி வந்தா கொடம் நிக்குமே, அது மாதிரியா?"

"அதேதான். வரிசை நகராம நின்னுச்சுன்னா எங்க நிக்குது, ஏன் நிக்குதுன்னு பாக்கிறது என் வேலை."

திண்டுக்கல்லில் வாழ்ந்தவளுக்குத் தண்ணி லாரியை விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து, மருமகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும், "வரிசையைப் பாத்துக்கிறா" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் ரேஷன் கடை என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

பேரன் பிறந்தான். வேலை உதிரவில்லை. சைனம்பு போட்டு வைத்த கணக்கு தப்பிப்போனது அங்கேதான். பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே ஒரு கையால் தட்டுவாள் ஹுஸ்னா. சைனம்பு முணுமுணுத்தாள், பிறகு தொட்டில் கயிற்றைத் தானே வாங்கிக்கொண்டாள்.

பேரனுக்கு நடை பழகிய வருஷம் ஒட்டன்சத்திரம் வேலை வந்தது. அங்கே காய்கறிச் சந்தையில் மண்டிக்காரர்கள் எடை போடுகிற ஒவ்வொரு மூட்டையையும் மெஷினில் பதிய வேண்டும். அது ஹுஸ்னாவின் குழாய் வழியாகப் போய், கேட்டில் இருக்கிற ஆளிடம் லோடு சீட்டாக வெளியே வரும். சீட்டு இருந்தால்தான் கேரளாவுக்குப் போகிற லாரி வாசலைத் தாண்டும். ஹுஸ்னாவே பஸ் ஏறிப் போய், மண்டி மண்டியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆபீஸில் அவளிடம் பச்சையாகச் சொல்லியிருந்தார்கள்: இந்தச் சந்தை நிலைத்தால் நீ திண்டுக்கல்லிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம். சந்தைக்காரர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் உனக்கு வேலை இல்லை, சென்னைக்கு வந்துவிட வேண்டும். அல் அமீன் கடையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக முடியாது. ஹுஸ்னா வேலையை விடவும் மாட்டாள். ஆக, ஒட்டன்சத்திரம் கைவிட்டுப் போனால் வீடு இரண்டாகும். இது சைனம்புவுக்கும் தெரியும்.

அந்தச் சந்தையின் குழாய் நின்ற நாள், பாருங்கள், சைனம்புவின் தங்கச்சி குர்ஷித் பேகம் வீட்டு விசேஷ நாள். அவள் மகளுக்கு நிச்சயம். பகல் விருந்து. கூட்டிப்போக வேனோடு குர்ஷித்தே வந்து இறங்கினாள், பட்டும் அத்தருமாக. பேரனை ஏற்கெனவே அல் அமீன் கூட்டிக்கொண்டு போயிருந்தான். ஹுஸ்னாவும் புதுச் சேலை கட்டி, கிளம்புகிற நேரத்தில் செல்லைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?" என்றாள் சைனம்பு.

"ஒட்டன்சத்திரம் நின்னுபோச்சு மாமி. காலையிலிருந்து ஒரு சீட்டுகூட வெளிய வரலையாம்."

சேலை மடிப்பைக்கூடச் சரி பண்ணாமல் தட்ட ஆரம்பித்துவிட்டாள். குர்ஷித் வாசலில் நின்று பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தாள்.

"ஏக்கா, ஒன் மருமகளுக்கு எங்க வீட்டுச் சோறு எறங்காதோ?"

"சின்ன மாமி, செத்த நேரம். இதை முடிச்சுட்டு வந்துர்றேன்," என்றாள் ஹுஸ்னா, தலையைத் திருப்பாமல்.

"அந்தப் பொட்டியைத்தான் நீ நிக்காஹ் பண்ணிருக்கணும்."

ஹுஸ்னா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவள் காதில் விழவே இல்லை என்பதுதான் உண்மை. செல்லை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சென்னையில் இருக்கிற பிரபுவோடு பேசிக்கொண்டிருந்தாள். பிரபு அவளுக்கு மேலே இருக்கிறவன். கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"வரிசையில நெறைய நிக்குதுன்னு கணக்கு காட்டுது பிரபு. ஆனா லிஸ்ட்டைத் தொறந்தா ஒண்ணுமே இல்லைங்குது. காலி."

"அப்ப கணக்குதான் தப்பு. வரிசையைக் காலி பண்ணி விட்டுருங்க. அவங்களை மறுபடி பதியச் சொல்லுங்க."

"மறுபடியா? எடை போட்ட மூட்டை லாரியில ஏறிருச்சு. அடியில கிடக்கிறது முருங்கை, மேல கிடக்கிறது தக்காளி. அம்புட்டையும் எறக்கி மறுபடி எடை போடுவாங்களா? எந்த விவசாயி எம்புட்டு கொண்டாந்தான்னு எழுதுனது இந்த வரிசைக்குள்ளதான் இருக்கு. காலி பண்ணா போச்சு."

"இருக்குன்னு நீங்க சொல்றீங்க. லிஸ்ட் இல்லைங்குதே?"

"அதைத்தான் பாக்கணும்."

குர்ஷித் பெரிதாகக் கொட்டாவி விட்டாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். சைனம்பு இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தன் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"நீ போ குர்ஷித். நான் இவகூட இருந்து வாரேன்."

"ஒனக்கும் பொட்டியில வேலையாக்கா?"

"ஆமா. டீ போடுற வேலை."

குர்ஷித் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்தக் கோபம் தீர அடுத்த நோன்பு வரைக்கும் ஆனது, அது தனிக் கதை.

ஹுஸ்னா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் தனக்குத்தான் பார்க்கிற அனுமதியை யாராவது எடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டாள். வேறொரு வரிசையைத் திறந்தாள், அது ஒழுங்காகக் காட்டியது. அனுமதியில் கோளாறு இல்லை. அடுத்து, இந்த வேலையைப் பங்கு போட்டுச் செய்கிற கம்ப்யூட்டர்களில் ஏதாவது ஒன்று பதில் சொல்லாமல் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாமே உயிரோடு இருந்தன. திரையை மூடித் திறந்தாள். கணக்கு ஏறிக்கொண்டேதான் இருந்தது. லிஸ்ட் காலி என்றே சொன்னது.

நடுவில் ஒட்டன்சத்திரத்திலிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார். தக்காளி மண்டியில் எடை போடுகிறவர். முதல் நாளிலிருந்தே ஹுஸ்னாவுக்கு ஒத்தாசையாக இருந்த மனுஷன்.

"ஏனுங்கம்மா, சங்கத்துல எல்லாம் கூடிப் பேசறாங்க. லாரி கிளம்பற நேரத்துக்குள்ள சீட்டு வரலீன்னா கையிலயே எழுதிக்கறோம், நாளையிலிருந்து இந்த மெஷினே வேண்டாங்கறாங்க. நானும் எம்புட்டுத்தான் தாங்கிப் பேசறதுங்க?"

"இன்னைக்கே வரும்ணே. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

"வருமுங்களா?"

"வரும்."

போனை வைத்ததும் சைனம்பு கேட்டாள், "எப்படிம்மா அம்புட்டு உறுதியாச் சொல்ற?"

"சொல்லிட்டேன்ல மாமி. இனி வர வைக்கணும்."

டீ ஆறிப்போனது. சைனம்பு அதைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். ஹுஸ்னா அதைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று டம்ளரை வைத்தாள்.

"மாமி, கொடம் வச்சு வரிசையில நிக்கிறாங்க. லாரி டியூப்கிட்ட நிக்கிறவ மொதல் பத்துக் கொடத்தைக் கையோட எடுத்துட்டுப் போறா. அதுல ஒரு கொடம் ஓட்டை. ரொப்ப முடியல. ஒண்ணு முடியலைன்னா பத்தையும் திரும்பக் கொண்டாந்து வச்சுட்டு, ஒடனே மறுபடி அதே பத்தை எடுத்துட்டு ஓடுறா. இப்படியே போறதும் வாறதுமா இருந்தா என்னாகும்?"

"பின்னால இருக்கிறவளுக்குச் சொட்டுத் தண்ணி கிடைக்காது."

"நீங்க போய் வரிசையை எண்ணிப் பாத்தா?"

"முன்னால கொடமே இருக்காது. அவ கையில இருக்கும். பின்னால இருக்கிறதெல்லாம் எங்க?"

"எடம் பத்தலைன்னு அதை மூட்டை கட்டிக் கிடங்குல போட்டிருக்கும். லிஸ்ட்டு கிடங்குக்குள்ள போய்ப் பாக்காது. கையில இருக்கிறதையும் பாக்காது. தரையில நிக்கிறதை மட்டும்தான் பாக்கும். அதான் காலி." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அவளை நிறுத்தணும். ஓடிக்கிட்டு இருக்கிறவளை நிறுத்துனா கையில இருக்கிறதைக் கீழ வைப்பா. அப்ப தெரியும்."

மறுபடியும் பிரபுவைக் கூப்பிட்டாள். சொன்னதைக் கேட்டதும் அவன் குரல் இறங்கியது.

"அதே எடத்துல இன்னொரு ஊர் பூ மார்க்கெட்டும் ஓடுது ஹுஸ்னா. நிறுத்துனா அவங்களுதும் நிக்கும். நிறுத்துறதுக்கு மேல கேக்கணும். மேல இருக்கிறவரு பிளைட்ல இருக்காரு."

"அவரு எறங்குறதுக்குள்ள லாரி கையெழுத்துச் சீட்டோட போயிரும். கொஞ்ச நேரம்தான் நிறுத்தப் போறேன்."

"கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"நான் நிறுத்துங்கன்னும் சொல்லலை, நிறுத்தாதீங்கன்னும் சொல்லலை. போனை வைக்கிறேன்," என்றான் பிரபு.

"வைங்க," என்றாள் ஹுஸ்னா.

அவள் ஒரு இடத்தில் தட்டினாள். அவ்வளவுதான். சைனம்பு ஏதோ பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். மின்விசிறி மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஹுஸ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி லிஸ்ட்டைத் திறந்தாள். காலியாகவே இருந்தது. கையில் இருப்பதைக் கீழே வைக்க அதற்கும் நேரம் வேண்டும் போல. இன்னொரு தடவை திறந்தாள்.

திரை முழுக்க வரிசை வரிசையாக எழுத்து இறங்கியது.

"இருக்கு! மாமி, இருக்கு!"

முன்னால் நின்றதைத் திறந்து படித்தாள். நாச்சிமுத்துவின் மண்டியிலிருந்து வந்தது. தக்காளி, எடை, விவசாயி பேர், எல்லாம் சரி. மூட்டை எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. லாபம் என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த மூட்டைக்கு இரண்டு, அதற்கு அடுத்ததற்கு மூன்று.

ஹுஸ்னா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தா சௌகத் அலி தோல் கட்டை எண்ணும்போது கேட்டு வளர்ந்தவள்தானே. முதல் தோலை ஒன்று என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் ஆரம்பிப்பார். எந்த ஏவாரத்திலும் அளக்கிற ஆள் அப்படித்தான் ஆரம்பிப்பான்.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள். "அண்ணே, இன்னைக்கு மெஷின்ல பதிஞ்சது யாரு? எப்பவும் பதியிற சுகன்யா இல்லையா?"

"அந்தப் புள்ளை கொழந்தைக்குக் காது குத்துன்னு லீவுங்கம்மா. நானேதான் போட்டேன். ஏனுங்க, தப்பாப் போட்டுட்டனுங்களா?"

"மொத மூட்டைக்கு என்னண்ணே போட்டீங்க?"

"லாபம்னு போட்டேனுங்க. அது நம்பர்தான் வேணும்னு அடம் புடிச்சுது. நானும் விடலீங்க, அமுக்கி அமுக்கித் தமிழ் எழுத்துக்கு மாத்திப் போட்டுட்டனுங்க." சொல்லும்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அடக் கடவுளே. அதுனாலயுங்களா?"

"அதுனாலதான்."

"சுகன்யாகிட்டயும் நான் லாபம்னுதானுங்க சொல்லுவேன். அதுவா ஒண்ணுன்னு மாத்திப் போட்டுக்குமாட்ட இருக்குங்க. நாள் தொடக்கத்துல, நம்ம கையால, ஒண்ணுன்னு எப்படீங்கம்மா போடறது? விடிஞ்சும் விடியாம ஒத்தையா ஆரம்பிக்கலாமுங்களா?"

"போடவேண்டாம்ணே. நீங்க லாபம்னே போடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு மூட்டையைத் தூக்கி எறிந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவள் எறியவில்லை. அதுவும் யாரோ ஒருத்தன் கொண்டுவந்த தக்காளி. அந்த மண்டியில் எடை போடுகிற கை, நாளைக்கும் லாபம் என்றுதான் எழுதும். வரிசைக்கு முன்னால் ஒரு சின்னப் படியைக் கட்டினாள்: எண் இருக்கிற இடத்தில் லாபம் என்று வந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள். ஒரு தடவை கட்டினாள், அது வேலை செய்யவில்லை. எழுத்துக்குப் பின்னால் நாச்சிமுத்து ஒரு இடைவெளியையும் சேர்த்து அமுக்கியிருந்தார். அதையும் நீக்கச் சொல்லிக் கட்டினாள். சைனம்பு ஜன்னல் பக்கம் நின்று வெயில் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி கிளம்புகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நிறுத்தினதைத் திரும்ப ஓட விட்டாள் ஹுஸ்னா. கணக்கு அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது. அப்புறம் மளமளவென்று இறங்கியது, மடை திறந்த மாதிரி.

நாச்சிமுத்துவே கூப்பிட்டார். பின்னால் லாரி உறுமுகிற சத்தத்தில் அவர் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. "வருதுங்கம்மா! சீட்டு வருதுங்க! கேட்டுல அல்லாரும் அடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, எனக்கு முந்தி எனக்கு முந்தீன்னு!"

ஹுஸ்னா போனை வைத்துவிட்டு, ஆறின டீயை ஒரே மடக்காகக் குடித்தாள். "வாங்க மாமி, விசேஷத்துக்குப் போவோம்," என்றாள். அவர்கள் போனபோது பந்தி முடிந்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குர்ஷித் இவர்கள் இரண்டு பேருக்கும் பருப்புத் தாளிச்சாவும் வெறுஞ்சோறும் வைத்தாள். கறி தீர்ந்துவிட்டது என்றாள். தீர்ந்திருக்காது. ஹுஸ்னா இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கேள்வி வரத்தான் செய்தது. பூ மார்க்கெட்டுக்கு அன்றைக்குத் தாமதமானதற்கு யார் பொறுப்பு என்று ஆபீஸில் எழுதிக் கேட்டார்கள். ஹுஸ்னா பதிலை அல் அமீனிடம் படித்துக் காட்டினாள், சைனம்பு கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் நிறுத்தினேன், நிறுத்தாமல் உள்ளே பார்க்க வழி இல்லை, இனியும் இப்படி நின்றால் நிறுத்துவேன், பூ மார்க்கெட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துவேன் என்று இருந்தது.

"கடைசிப் பேச்சு எதுக்குடி? இன்னொரு தடவையும் செய்வேன்னு எழுதுவியா?" என்றான் அல் அமீன்.

"செய்வேன்ல மச்சான். பின்ன எழுத வேணாமா?"

அதை அப்படியேதான் அனுப்பினாள். எனக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்தார் என்று பிரபு கீழே ஒரு வரி சேர்த்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. எச்சரிக்கை என்று ஒன்றை அவள் பேரில் எழுதி வைத்தார்கள். அந்த வருஷம் அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஆனால் சந்தைச் சங்கம் மெஷினை வேண்டாம் என்று சொல்லவில்லை. நின்றுபோனால் கூப்பிட ஆள் இங்கேயே இருக்க வேண்டும், அந்தத் திண்டுக்கல்லுப் பொண்ணுதான் வேண்டும் என்று கேட்டார்கள். சென்னைப் பேச்சு அதோடு நின்றது.

ஹுஸ்னா இப்போது வாரத்தில் பாதி நாள் ஒட்டன்சத்திரத்தில், சந்தைக்கு எதிரே ஒரு மாடி அறையில் இருந்து வேலை பார்க்கிறாள். மீதி நாள் திண்டுக்கல் வீட்டில் இருக்கிறாள்.